காப்பியும் எலும்பின் கணக்கும்

ஒரு கூட்டுறவு ஆய்வாளர்

காப்பி குடித்தால் எலும்பு கரைந்துவிடும் என்னும் பேச்சு இப்பொழுது ஊர்தோறும் அடிபடுகின்றது. நூல் வாங்க வந்த நெசவாளர் சங்கத் திண்ணையில் காத்திருக்கும் வேளையிலும், பால் ஊற்ற வந்த பெண்கள் வரிசையில் நிற்கும் வேளையிலும், முதுகு வலியைப் பற்றிய பேச்சு எழுந்தவுடன், "எல்லாம் இந்தக் காப்பியால் வந்த வினை" என்று ஒருவர் முடிவு கட்டிவிடுகின்றார். மற்றொருவரோ, "எங்கள் பாட்டி நாளைக்கு நான்கு வேளை காப்பி குடித்தாள், தொண்ணூறு வயது வரையில் ஊன்றுகோல் தொட்டதில்லை" என்று மறுக்கின்றார். இவ்விரு கூற்றிலும் சிறிது உண்மை உண்டு. முழு உண்மை இரண்டிலும் இல்லை. அது எவ்வளவு என்று அளந்து அறிந்துகொள்வது நம் அங்கத்தினர்களுக்குப் பெரிதும் பயன் தருவதாகும். தறியில் உட்காருபவருக்கும் ஏர் பிடிப்பவருக்கும் உடலே முதல் அன்றோ?

எலும்பு ஓர் ஒதுக்கு நிதி

வளர்ந்த ஒருவருடைய உடலில் ஏறக்குறைய 1 கிலோ கிராம் கால்ஷியம், அதாவது சுண்ணச் சத்து, இருக்கின்றது. அதில் 100க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் தங்கியுள்ளது. எஞ்சிய 1 பங்கே இரத்தத்திலும் தசைகளிலும் பிற உறுப்புகளிலும் பரவியிருக்கின்றது. அளவில் சிறிதாயினும் அந்த ஒரு பங்கின்றி இதயம் துடியாது, தசை சுருங்காது, காயத்தில் இரத்தம் உறையாது. ஆதலின் இரத்தத்திலுள்ள சுண்ணச் சத்தின் அளவு குறையாதபடி உடல் எப்பொழுதும் காத்து வருகின்றது. உணவின் வழியே வரும் வரவு போதாவிடின், கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் ஒருவகை நீரைச் சுரந்து, எலும்பிலிருந்து வேண்டிய அளவை எடுக்கச் செய்கின்றன.

சங்கக் கணக்கில் பழகியவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. இரத்தத்திலுள்ளது கைரொக்கம்; எலும்பிலுள்ளது ஒதுக்கு நிதி. கைரொக்கம் குறையும்போதெல்லாம் ஒதுக்கு நிதியிலிருந்து எடுத்துச் செலவு செய்துகொண்டு, திரும்பச் செலுத்தாமலே இருந்தால், சங்கம் சில ஆண்டுகள் வரையில் வெளிப்பார்வைக்கு நன்றாகவே நடக்கும். ஒரு நெருக்கடி வரும் நாளில்தான் நிதி கரைந்துபோன செய்தி எல்லாருக்கும் தெரியவரும்.

எலும்பு கல்லைப் போல் மாறாதிருக்கும் பொருளன்று. பழைய எலும்பு சிறிது சிறிதாகக் கரைக்கப்படுவதும், புதிய எலும்பு அவ்விடத்தில் கட்டப்படுவதும் வாழ்நாள் முழுதும் நடைபெறுகின்றன. ஏறக்குறைய 30 வயது வரையில் சேமிப்பு மிகுகின்றது. பின்னர்ச் சில காலம் வரவும் செலவும் சரிக்குச் சரியாக நின்று, அதன்பின் செலவு மெல்ல மிஞ்சத் தொடங்குகின்றது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு வரும் சில ஆண்டுகளில் இவ்விழப்பு மிகவும் விரைவாக நடக்கின்றது. எலும்பு இவ்வாறு உள்ளுக்குள் நொய்ந்து வலுவிழப்பதையே மருத்துவர்கள் ஆஸ்டியோபொரோஸிஸ் என்று வழங்குகின்றனர். நாம் எலும்பு மெலிவு என்று சொல்லலாம். முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்வால் வருவது, அது வேறு. எலும்பு மெலிவோ வலியின்றியே வளர்வது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை ஊன்றும்போது மணிக்கட்டு முறிவதும், வாசற்படியில் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், முதுகெலும்புக் கணுக்கள் நசுங்கிக் கூன் விழுவதும் அதன் விளைவுகள்.

காப்பி எடுப்பது எவ்வளவு?

காப்பியிலுள்ள காபீன் என்னும் பொருள், குடித்த சில மணி நேரத்திற்குச் சிறுநீரின் வழியே சுண்ணச் சத்தைச் சற்று மிகுதியாக வெளியேற்றுகின்றது. குடல் உணவிலிருந்து அச்சத்தை உறிஞ்சுவதையும் மிகச் சிறிதளவு குறைக்கின்றது. ஆகவே காப்பியின்மேல் சாட்டப்படும் குற்றம் முற்றும் பொய்யன்று. எனினும் குற்றத்தின் அளவை நோக்குதல் வேண்டும்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து ஓமஹா நகரிலுள்ள கிரெய்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹீனி என்னும் அறிஞர் பல ஆண்டுகள் இப்பொருளை ஆராய்ந்தார். அவர் குழுவினரின் அளவைகளின்படி, சுமார் 180 மில்லி லிட்டர் கொண்ட ஒரு கோப்பைக் காப்பியால் உடலுக்கு நேரும் நிகர இழப்பு ஏறக்குறைய 5 மில்லி கிராம் சுண்ணச் சத்தேயாகும். இவ்விழப்பை ஈடுசெய்ய ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி பாலே போதும் என்று 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அவர் முடிவு கூறினார்.

இக்கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 100 மில்லி லிட்டர் பசும்பாலில் சுமார் 120 மில்லி கிராம் சுண்ணச் சத்து உண்டு. நம் வீட்டுக் காப்பி ஒரு தம்ளரில் 50 மில்லி லிட்டர் பால் சேர்வதாகக் கொண்டால், அதில் வரும் சத்து 60 மில்லி கிராம். இதனில் குடல் ஏற்றுக்கொள்வது 10க்கு 3 பங்கு. அஃதாவது 18 மில்லி கிராம். காப்பியால் போவது 5. மீதி 13 மில்லி கிராம் வரவில் நிற்கின்றது. ஆகவே பால் விட்ட காப்பி குடிப்பவருக்கு அந்தத் தம்ளரால் நட்டமில்லை, சிறிது இலாபமே. பால் விடாத கடுங்காப்பி குடிப்பவருக்கு மட்டும் 5 மில்லி கிராம் செலவாக நிற்கின்றது. அதுவும் மற்ற உணவில் சத்து போதுமான அளவு இருப்பின் ஒரு பொருட்டாகாது.

மக்களிடையே நடத்திய ஆராய்ச்சிகளும் இதனையே காட்டுகின்றன. கலிபோர்னியாவில் ராஞ்சோ பெர்னார்டோ என்னும் ஊரில், மாதவிலக்கு நின்ற 980 பெண்களை எலிசபெத் பாரெட்-கானர் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடன் உழைத்தவரும் ஆராய்ந்து, 1994இல் முடிவுகளை வெளியிட்டனர். வாழ்நாளில் நாளைக்கு 2 கோப்பை காப்பி குடித்து வந்தவர்களுள், நாள்தோறும் பால் அருந்தாதவர்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது. நாளொன்றுக்கு ஒரு குவளைப் பாலேனும் அருந்தி வந்தவர்களிடம் அக்குறை காணப்படவில்லை. அதே ஆண்டில் பாஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், நாளைக்கு 800 மில்லி கிராமுக்குக் குறைவாகச் சுண்ணச் சத்துப் பெறும் பெண்களுக்கு மட்டுமே இரண்டு மூன்று கோப்பைக்கு மேற்பட்ட காப்பி எலும்பிழப்பை விரைவுபடுத்தியதாகக் கண்டனர். சுவீடன் நாட்டில் 61,433 பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாளைக்கு 4 கோப்பையும் அதற்கு மேலும் குடிப்பவர்களின் எலும்பு அடர்த்தி, ஒரு கோப்பைக்கும் குறைவாகக் குடிப்பவர்களைக் காட்டிலும் 100க்கு 2 முதல் 4 பங்கு குறைந்திருந்தது. ஆனால் எலும்பு முறிவு அவர்களுக்கு மிகுதியாக நேரவில்லை.

இவற்றால் பெறப்படும் உண்மை ஒன்றே. வரவு நிறைந்த வீட்டில் காப்பி ஒரு சில்லறைச் செலவு. வரவு குறைந்த வீட்டில் அச்சில்லறைச் செலவும் கடன்மேல் கடனாக ஏறுகின்றது. நாம் எந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் என்பதே இனிக் காணவேண்டியது.

நம் வரவின் நிலை

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் நாளைக்கு 1,000 மில்லி கிராம் சுண்ணச் சத்து வேண்டும். பாலூட்டும் தாய்மாருக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் 1,200 மில்லி கிராம் வேண்டும். மேற்படி நிறுவனம் 1958க்கு முன் நம் நீலகிரியில் குன்னூரிலே இருந்தது. அரிசியையே முதன்மையாகக் கொண்ட உணவில் இச்சத்து போதாது என்பதை அதன் தலைவராயிருந்த ஆய்க்ராய்டு 1930களிலேயே எடுத்துக்காட்டினார். அன்று சொன்ன குறை இன்றும் பல வீடுகளில் தீர்ந்தபாடில்லை.

ஒரு நெசவாளரின் ஒரு நாளைய உணவைக் கணக்கிடுவோம். அரிசி 400 கிராம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 10 மில்லி கிராமே இருப்பதால் அதில் வருவது 40. பருப்பாலும் காய்கறிகளாலும் சுமார் 85. இரண்டு தம்ளர் காப்பியிலுள்ள 100 மில்லி லிட்டர் பாலால் 120. ஆக மொத்தம் 245 மில்லி கிராம். வேண்டுவதில் கால் பங்குகூட இல்லை. வியப்பு யாதெனின், இந்தச் சிறு வரவிலும் ஏறக்குறைய பாதியைக் கொண்டுவருவது, குற்றவாளியென்று நாம் கருதிய காப்பித் தம்ளரிலுள்ள பாலே! விலையேற்றத்தை முன்னிட்டு அப்பாலையும் நிறுத்திவிட்டுக் கடுங்காப்பிக்கு மாறினால் வரவு 125ஆகக் குறைகின்றது. செலவோ நின்றபடியே நிற்கின்றது.

காப்பி தள்ளிவைத்த உணவு

காப்பியின் மெய்யான தீங்கு இன்னொன்று உண்டு. அது சிறுநீரில் அளக்க முடியாதது. சமையலறையில் பார்க்க வேண்டியது. இருபதாம் நூற்றாண்டில் காப்பி பட்டணத்திலிருந்து சிற்றூருக்கு வந்து சேர்வதற்கு முன், பொழுது விடிந்ததும் நம் மக்கள் உட்கொண்டது நீராகாரமும் பழையதும், மேட்டு நிலப் பகுதிகளில் கேழ்வரகுக் கூழும் மோரும் ஆகும். காப்பி வந்தபின் கூழ் ஏழைமையின் அடையாளமாக எண்ணப்பட்டுப் பின்வாங்கிற்று. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லி கிராம் சுண்ணச் சத்து இருக்கின்றது. அதே எடையுள்ள அரிசியைப் போல் இது முப்பத்தைந்து பங்கு. ஒரு கோப்பைக் காப்பி எலும்பிலிருந்து எடுத்துக்கொள்வது 5 மில்லி கிராம். கூழின் இடத்தை அது பிடித்துக்கொண்டதனால் நாம் இழந்தது 350. எது பெரிய நட்டம் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

இவ்வழக்கத்தில் மிகவும் வருந்தத்தக்கது ஒன்று. பசியை அடக்கக் காப்பி குடிப்பது நெசவுத் தெருக்களில் சாதாரணமாகக் காணப்படுகின்றது. அவசர ஆர்டர் முடிக்கவேண்டிய நாட்களில், காலை உணவை ஒத்திப்போட்டு, ஒரு தம்ளர் காப்பியின் பலத்திலேயே நண்பகல் வரையில் தறியோட்டுகின்றனர். வீட்டுப் பெண்களோ எல்லாருக்கும் காப்பி கலந்து கொடுத்தபின், எஞ்சிய டிகாக்ஷனில் வெந்நீரை ஊற்றித் தாங்கள் குடிக்கின்றனர். முதலில் மெலியக்கூடிய எலும்பு அவர்களுடையது; பால் கடைசியாகச் சென்று சேர்வதும் அவர்களிடமே. பால் உற்பத்தியாளர் வீடுகளிலும் இதே நிலையைக் காணலாம். கறந்த பாலனைத்தும் காலையும் மாலையும் சங்கத்திற்குச் செல்ல, கறந்த கைக்குரியவள் கடுங்காப்பி குடிக்கின்றாள். சங்கத்தின் பால் வரவு மிகுவது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அங்கத்தினர் வீட்டு எலும்பை ஈடாக வைத்து அவ்வரவு மிகுதல் கூடாது.

தறிக்குழியும் வெயிலும்

உணவில் வரும் சுண்ணச் சத்தைக் குடல் ஏற்றுக்கொள்வதற்கு டி வைட்டமின் இன்றியமையாதது. அது உணவில் மிகச் சிறிதே கிடைக்கும். வெயில் படும்போது தோலிலேயே அது பெரும்பாலும் உண்டாகின்றது. வயலில் உழைப்பவருக்கு இதில் குறை வரும் வாய்ப்பு ஒப்பளவில் குறைவு. குழித்தறி நெசவாளரின் நிலை வேறு. விடிந்தது முதல் அந்தி வரையில் கூரையின் கீழேயே அவர் பொழுது கழிகின்றது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்கும் வேலையும் வெயில் ஏறுமுன் முடிந்துவிடுகின்றது. இளவெயிலில் டி வைட்டமினை உண்டாக்கும் கதிர்கள் மிகவும் குறைவு. நண்பகலை ஒட்டிய வெயிலிலேயே அவை மிகுதி. ஆகவே, தறியில் இருப்போரும் வீட்டினுள் தார் சுற்றும் பெண்களும், முற்பகல் 11 மணிக்கு மேல் அரைமணி நேரமேனும் முகத்திலும் கைகளிலும் வெயில் படும்படி வெளியே நடந்து வருவது நலம். நடப்பதால் இன்னொரு பயனும் உண்டு. எலும்பு தன்மேல் ஏறும் சுமைக்கு ஏற்ப வலுப்பெறுவது; உட்கார்ந்தே இருப்பவருடைய எலும்புக்கு அத்தூண்டுதல் கிடைப்பதில்லை.

வரவைப் பெருக்கும் வழி

காப்பியை விட்டொழிக்க வேண்டுவதில்லை. சேர்வராயன் மலையிலும் நீலகிரியிலும் பழனி மலையிலும் காப்பி பயிரிடும் நம் அன்பர்கள் இதனால் அஞ்சவும் வேண்டுவதில்லை. அளவே முக்கியம். மேலே கூறிய ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு நெறிகளின்படி, காபீன் நாளைக்கு 300 மில்லி கிராமுக்கு மிகாதிருத்தல் வேண்டும். 150 மில்லி லிட்டர் வடிகட்டிய காப்பியில் அது 80 முதல் 120 மில்லி கிராம் வரையில் இருக்கின்றது. ஆகவே இரண்டு அல்லது மூன்று தம்ளரோடு நிறுத்திக்கொள்வது தக்கது. சிக்கரியில் காபீன் இல்லை. ஆதலால் சிக்கரி கலந்த தூளில் காபீன் அந்த அளவுக்குக் குறையும். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பியும் தேநீரும் விலக்கப்பட வேண்டியவை. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச் சத்தை உடலில் சேரவொட்டாமல் தடுக்கின்றது.

வரவைப் பெருக்க நம் ஊரிலேயே பொருள்கள் பல உள்ளன. அவற்றைக் கொண்டு ஒரு நாளைய கணக்கை இவ்வாறு அமைக்கலாம். பால், தயிர், மோர் ஆகியவற்றிற்காக ஆளுக்குக் கால் லிட்டர் பால். இதில் 300 மில்லி கிராம். கேழ்வரகு 100 கிராம், கூழாகவோ களியாகவோ அடையாகவோ, இதில் 350. முருங்கைக் கீரை 50 கிராம்; இதில் 150க்குக் குறையாது. கொள்ளு 30 கிராம்; இதில் சுமார் 80. அரிசியும் பருப்பும் காய்கறியும் வழக்கம்போல் 120. ஆக மொத்தம் 1,000. பாலில் பாதிதான் வாங்க இயலும் என்பவருக்கும் 850 கிடைத்துவிடும். அகத்திக் கீரையில் 100 கிராமுக்கு 900 மில்லி கிராமும், எள்ளில் 1,200க்கு மேலும் உண்டு. வாரம் ஒரிரு முறை இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கொழுப்பு நீக்கிய பாலிலும் கடைந்த மோரிலும் சுண்ணச் சத்து குறைவதில்லை என்பதை நினைவிற் கொள்க. வெண்ணெயோடும் நெய்யோடும் அது போவதில்லை. ஆதலால் விலை மலிந்த பாலும் மோரும் எலும்புக்கு ஒரு குறையும் வைக்கமாட்டா. கேழ்வரகில் சத்தைப் பிணித்து வைக்கும் பைட்டேட் என்னும் பொருள் உண்டு. தானியத்தை முளைகட்டி அரைத்தாலும், கூழை இரவு முழுதும் புளிக்க வைத்தாலும் அது குறைகின்றது. நம் முன்னோர் கூழைப் புளிக்க வைத்து மறுநாள் மோர் விட்டுக் கரைத்தது எத்துணைப் பொருத்தமானது!

கேழ்வரகு விளைவிக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி உழவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளைந்ததை எல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு அரிசியை மட்டும் உண்ணாமல், வீட்டுத் தேவைக்கு வேண்டியதைக் குதிரிலே நிறுத்திக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. நம் மாநிலத்து நியாயவிலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுபவை. கேழ்வரகு கிடைக்கும் கடைகளில் அதனைக் கேட்டு வாங்குவது அங்கத்தினரின் கடமை.

சில எச்சரிக்கைகள்

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பிலேயே இச்சத்து கிடைக்குமே என்று கேட்போர் உண்டு. சிறிது கிடைப்பது மெய்யே. ஆனால் அதனோடு சேரும் பாக்கு புற்றுநோயை உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் அறுதியிட்டுக் கூறியுள்ளது. எலும்பைக் காக்க வாயைப் பலி கொடுத்தல் தகாது. மருந்துக் கடையில் கால்ஷியம் மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்குவதும் நன்றன்று. சிறுநீரகக் கல் உள்ளவரும் சிறுநீரக நோயுள்ளவரும் மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது. ஐம்பது வயதைக் கடந்த பின் சிறு இடறலில் எலும்பு முறிந்தவரும், உயரம் குறைந்து கூன் விழக் காண்பவரும் அரசு மருத்துவமனைக்குச் சென்று எலும்பின் நிலையைக் கேட்டறிதல் வேண்டும்.

பால் ஊற்றும் அங்கத்தினர்கள் நாளை முதல் ஒன்று செய்யலாம். கேனைச் சங்கத்திற்கு எடுத்துச் செல்லுமுன், வீட்டில் உள்ளவர் எத்தனை பேரோ அத்தனை கால் லிட்டரை முதலில் அளந்து தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதில் வீட்டுப் பெண்களின் பங்கு தவறாமல் இருக்கட்டும். இலாபம் பிரிக்குமுன் ஒதுக்கு நிதிக்கு உரியதை எடுத்து வைப்பது சங்கத்தில் நாம் கைக்கொள்ளும் விதி. வீட்டிலும் அதனையே கைக்கொண்டால், மாலையில் குடிக்கும் காப்பியைப் பற்றி ஒருவரும் கவலைப்பட வேண்டியதில்லை.